ராத்திரி குளிர் இறங்கினால் போன் எழுப்ப வேண்டும், எப்படி அமைப்பது?

கொடிப்பந்தல்
மாலை 7.10

வணக்கம். வீட்டின் பின்பக்கம் சின்னதாக ஒரு தோட்டம் வைத்திருக்கிறேன். தக்காளி, மிளகாய், கத்தரி தரையில் இருக்கின்றன, அவரைக்குப் பந்தல் போட்டிருக்கிறேன். கத்தரியில் பாதி அந்தப் பந்தலுக்கு அடியில் வந்துவிட்டது. தொட்டியில் ஓர் எலுமிச்சை, இப்போதுதான் முதல் தடவையாக மொட்டு கட்டியிருக்கிறது. பகலில் வெயில் நன்றாக அடிக்கிறது. விடியற்காலையில்தான் குளிர் சட்டென்று இறங்கிவிடுகிறது.

என் தேவை இதுதான். தோட்டத்தில் வெப்பநிலை ஆபத்தான அளவுக்கு இறங்கினால் போன் சத்தம் போட்டு என்னை எழுப்ப வேண்டும். எழுந்து போய்ச் செடிகளை மூடிவிடுவேன். வானிலை ஆப்கள் சிலவற்றைப் போட்டுப் பார்த்தேன். புயல், கனமழை என்றால் தாமாகவே செய்தி அனுப்புகின்றன. ஆனால் ‘2 டிகிரிக்குக் கீழே போனால் சொல்’ என்று நான் ஓர் எண்ணைக் கொடுக்க அவற்றில் வழியில்லை.

இன்னொரு சிக்கல், வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. ராத்திரி போன் சைலண்டில்தான் இருக்கும். மற்ற எதுவும் சத்தம் போடக் கூடாது, இது மட்டும் போட வேண்டும்.

அப்புறம் ஒரு சந்தேகம். போன வாரம் ஒரு ராத்திரி, குறைந்தபட்சம் 3 டிகிரி என்று ஆப்பில் போட்டிருந்தது. காலையில் பார்த்தால் புல் முழுக்க வெள்ளையாக உறைபனி. மிளகாயின் உச்சி இலைகள் வெந்நீர் பட்டதுபோல் துவண்டு, மதியத்துக்குள் கறுத்துவிட்டன. அதே செடிகளின் கீழ் இலைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. பந்தலுக்கு அடியில் இருந்த கத்தரிக்கும் ஒன்றும் ஆகவில்லை. 3 டிகிரியில் எப்படி உறையும்? ஆப் சொன்னது தப்பா?

செம்மண்
மாலை 7.45

நீங்களே எண்ணைக் கொடுக்கும் வசதியுள்ள ஆப்களும் இருக்கின்றன, தேடினால் கிடைக்கும். அது ஒத்துவராவிட்டால், வெளியே ஒரு சென்சார், உள்ளே ஒரு திரை என்று ஜோடியாக வரும் வயர்லெஸ் தெர்மாமீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். பலவற்றில் குறைந்த வெப்பநிலைக்கு அலாரம் வைக்கலாம். இன்டர்நெட்டும் வேண்டாம், போனும் வேண்டாம். உள்ளே இருக்கும் திரையைப் படுக்கைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு 0-வில் அலாரம் வையுங்கள், போதும்.

நாற்றங்கால்
இரவு 8.50

தம்பி, உங்கள் கடைசிச் சந்தேகத்தில்தான் விஷயமே இருக்கிறது, அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன். அது புரியாமல் எந்த அலாரம் வைத்தாலும் அது தப்பான நேரத்தில்தான் அடிக்கும். செம்மண் சொல்லும் வயர்லெஸ் தெர்மாமீட்டர் நல்ல யோசனை, ஆனால் 0-வில் வைக்கச் சொன்னதை நான் ஏற்க மாட்டேன்.

ஆப் சொன்ன 3 டிகிரி பெரும்பாலும் சரியாகத்தான் இருந்திருக்கும். ஆனால் அது உங்கள் மிளகாய் இலையின் வெப்பநிலை இல்லை. வானிலை நிலையங்களில் காற்றின் வெப்பநிலையைத் தரைக்கு மேலே 1.25 முதல் 2 மீட்டர் உயரத்தில், வெயிலும் வானமும் நேரடியாகப் படாத காற்றோட்டமான வெள்ளைக் கூண்டுக்குள் வைத்து அளப்பார்கள். முன்னறிவிப்பில் வருவதும் அந்த உயரத்துக் காற்றின் வெப்பநிலைதான். உங்கள் மிளகாயோ முழங்கால் உயரம், திறந்த வானத்துக்குக் கீழே நிற்கிறது.

மேகமில்லாத ராத்திரியில் இலையும் புல்லும் மண்ணும் தங்கள் வெப்பத்தை அகச்சிவப்புக் கதிராக வானத்துக்கு இழந்துகொண்டே இருக்கும். மேகம் இருந்தால் இழந்ததில் பெரும்பகுதி திரும்பக் கிடைக்கும். காற்று வீசினால் மேலே இருக்கும் கொஞ்சம் வெதுவெதுப்பான காற்று இறங்கிவந்து கீழே கலக்கும். மேகமும் இல்லை, காற்றும் இல்லை என்றால் இலைக்குத் திரும்ப வரும் வெப்பம் ரொம்பக் குறைந்துவிடும். தன்னைச் சுற்றியுள்ள காற்றைவிடவே இலை அதிகமாகக் குளிர்ந்துவிடும். அப்படிப்பட்ட ராத்திரியில் புல் மட்டம் கூண்டில் அளப்பதைவிட 3, 4 டிகிரி கீழே போவது சாதாரணம். ஆப்பில் 3 என்று இருக்கும், புல்லில் உறைபனி இருக்கும், இரண்டும் உண்மைதான்.

உங்கள் செடிகளே இதைக் காட்டிவிட்டன பாருங்கள். வானத்தை நேராகப் பார்த்திருந்த உச்சி இலைகள் மட்டும் கறுத்தன. கீழ் இலைகளுக்கு மேல் இலைகள் கூரையாக இருந்தன. கத்தரிக்குப் பந்தல் கூரையாக இருந்தது. மிளகாயும் கத்தரியும் நின்ற இடங்களில் காற்று ஏறக்குறைய ஒரே அளவுதான் குளிர்ந்திருக்கும், யாருக்குத் தலைக்கு மேல் மறைப்பு இருந்தது என்பதில்தான் வித்தியாசம்.

அதனால் ராத்திரி எப்படிப் போகும் என்று பார்க்க வெப்பநிலை மட்டும் போதாது. மேகமூட்டம் எவ்வளவு, காற்றின் வேகம் எவ்வளவு என்று சேர்த்துப் பாருங்கள். இன்னொன்று பனிநிலை. காற்றில் உள்ள ஈரம் எந்த வெப்பநிலையில் துளியாகப் படிய ஆரம்பிக்குமோ அதுதான் பனிநிலை, பல ஆப்களில் உள்ளே போய்த் தேடினால் கிடைக்கும். இதை நான் ரொம்ப நம்புகிறேன். வெப்பநிலை இறங்கி பனிநிலையைத் தொட்டதும் நீராவி துளியாகப் படியும், படியும்போது வெப்பம் வெளிவரும், அதற்குப் பிறகு இறக்கம் மெதுவாகும். பனிநிலை 5 அல்லது 6 டிகிரி என்றால் நான் நிம்மதியாகத் தூங்குவேன். பனிநிலை மைனஸ் 3 என்றால் வெப்பநிலையைப் பிடித்து நிறுத்த வழியில் ஒன்றுமே இல்லை. காற்று அப்படி வறண்டிருந்தால் வெள்ளையாக ஒன்றும் படியாமலே செடி உறைந்துவிடும். காலையில் புல்லில் ஒன்றும் தெரியாது, மதியம் இலை கறுத்து நிற்கும்.

இப்போது அலாரத்துக்கு வருகிறேன். அலாரம் அடித்ததும் எழுந்து மூடுவதாகச் சொன்னீர்கள், அது விடியற்காலை 3 மணியாக இருக்கலாம். வேறு வழியில்லை என்றால் அதைச் செய்யலாம், செய்யாமல் இருப்பதற்கு அது மேல். ஆனால் துணி தானாகச் சூடு உண்டாக்காது. பகலில் மண் வாங்கி வைத்த வெப்பம் ராத்திரி முழுக்க மெல்ல மேலே வரும், அதைச் செடியைச் சுற்றித் தேக்கி வைப்பதுதான் துணியின் வேலை. 3 மணிக்குள் அந்த வெப்பத்தில் நிறையப் போயிருக்கும், குளிர்ந்துபோன செடியைக் குளிரோடு சேர்த்து மூடுவீர்கள். வெயில் சாய்ந்ததும், மண் இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும்போதே மூடிவிட வேண்டும்.

ஆக, உங்களுக்கு முக்கியமாக வேண்டியது மாலை 4 மணிக்கு வரும் எச்சரிக்கை. ‘இன்று ராத்திரி மூடு’ என்று அது சொல்ல வேண்டும். ராத்திரி அலாரம் அதற்கு ஒரு காவல், அவ்வளவுதான். முன்னறிவிப்பு பொய்த்துப்போய், மேகம் வரும் என்று சொன்ன ராத்திரி வானம் தெளிந்துவிட்டால் அது காப்பாற்றும்.

எந்த எண்ணில் வைப்பது என்பதை உங்கள் தோட்டம்தான் சொல்ல வேண்டும். குறைந்தபட்ச வெப்பநிலையை நினைவில் வைத்துக்கொள்ளும் தெர்மாமீட்டர் ஒன்றை மிளகாய் இலை உயரத்தில், திறந்த இடத்தில், சுவரிலிருந்து தள்ளி வையுங்கள். காலையில் அது காட்டுவதையும் ஆப் சொன்னதையும் ஒரு நோட்டில் பக்கத்துப் பக்கத்தில் எழுதுங்கள். வானம் தெளிவா, காற்று இருந்ததா என்பதையும் ஒரு வார்த்தையில் குறித்துக்கொள்ளுங்கள். மேகமான ராத்திரிகளில் இரண்டு எண்ணும் ஒட்டியே இருக்கும். தெளிவான, அசைவில்லாத ராத்திரிகளில் எவ்வளவு விலகுகிறது என்று பாருங்கள். அந்த விலகல்தான் உங்களுக்கு வேண்டிய கணக்கு. 3 டிகிரி விலகுகிறது என்றால், தெளிவான ராத்திரிக்கு ஆப் 4 என்று சொன்னாலே மூட வேண்டும்.

மின்னணுத்தோழன்
இரவு 9.35

நாற்றங்கால் அக்கா சொன்ன இரண்டு கட்டத்தையும் நான் எப்படி ஓடவிட்டிருக்கிறேன் என்று எழுதுகிறேன், வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் மாலை எச்சரிக்கை. இதற்கு எந்தக் கருவியும் வாங்க வேண்டாம். ஓப்பன் மீட்டியோ என்ற முன்னறிவிப்புச் சேவை சொந்தப் பயன்பாட்டுக்கு இலவசம், பதிவு செய்யக்கூட வேண்டியதில்லை. உங்கள் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை கொடுத்தால் மணிவாரியாக வெப்பநிலை, பனிநிலை, மேகமூட்டம், காற்றின் வேகம் எல்லாவற்றையும் தரும். தினமும் மாலை 4 மணிக்கு ஒரு சின்ன நிரல் அதைக் கேட்டு வாங்குகிறது. மறுநாள் காலை 8 மணி வரைக்கும் உள்ள மணிகளில் எதிலாவது வெப்பநிலை 4-க்குக் கீழே, மேகம் 30 சதவீதத்துக்குக் கீழே, காற்று மணிக்கு 8 கிலோமீட்டருக்குக் கீழே என்று மூன்றும் ஒன்றாக வந்தால் எனக்கு டெலிகிராமில் செய்தி வரும். மேகமோ காற்றோ இருந்தாலும் 1 டிகிரிக்குக் கீழே என்றால் செய்தி வந்தே தீரும். இந்த எண்கள் என் இடத்துக்குச் சரிப்பட்டவை, உங்களுடையதை அக்கா சொன்ன நோட்டிலிருந்து எடுங்கள்.

நிரல் எழுதப் பழக்கமில்லை என்றால், ஐபோனில் ஷார்ட்கட்ஸ், ஆண்ட்ராய்டில் டாஸ்கர் என்ற ஆப்கள் இருக்கின்றன. குறித்த நேரத்தில் முன்னறிவிப்பைப் பார்த்து, எண் குறைவாக இருந்தால் நினைவூட்டு என்கிற அளவுக்கு அவற்றிலேயே செய்துவிடலாம்.

அடுத்து ராத்திரி அலாரம். இதற்குத் தோட்டத்தில் சென்சார் வேண்டும். நான் வைத்திருப்பது டி.எஸ்.18பி20, துருப்பிடிக்காத உலோகக் குழாய்க்குள் நீர் புகாமல் அடைத்து நீள ஒயரோடு கிடைக்கும். மைனஸ் 10 முதல் 85 டிகிரி வரை அரை டிகிரிக்குள் சரியாகக் காட்டும். அதை இ.எஸ்.பி.32 என்ற, வைஃபை உள்ள சின்ன மின்னணுப் பலகையில் இணைத்தால் வைஃபை வழியாக வீட்டுக்குள் எண் வந்துவிடும். இணைக்கும்போது டேட்டா ஒயருக்கும் மின் ஒயருக்கும் நடுவே 4.7 கிலோஓம் மின்தடை ஒன்று வேண்டும், அது இல்லாமல் அளவே வராமல் போகலாம். ஒன்று மட்டும் கவனம்: டி.எச்.டி.11 என்ற நீலநிற சென்சாரை வாங்காதீர்கள். அது எளிதில் கிடைக்கும், ஆனால் அளக்கும் எல்லையே 0 முதல் 50 டிகிரிதான், அதிலும் 2 டிகிரி முன்பின் இருக்கும். உறைபனி வேலைக்கு உதவாது.

வைக்கும் முன் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஒரு டம்ளர் நிறைய ஐஸை நன்றாக நொறுக்கிப் போட்டு, இடைவெளி நிறையும் அளவுக்குத் தண்ணீர் விட்டுக் கலக்கி, சென்சாரின் முனையை நடுவில் செருகுங்கள். முனை டம்ளரின் அடியையோ பக்கத்தையோ தொடக் கூடாது. சில நிமிடத்தில் எண் நகராமல் நிற்கும், நிற்க வேண்டிய இடம் 0. அது 0.4 காட்டினால் 0.4-ஐக் கழித்துக்கொள்ளும்படி அமைத்துவிடுங்கள்.

எண்ணை வாங்கி முடிவெடுக்க ஹோம் அசிஸ்டன்ட் என்ற வீட்டுக் கருவிகளை இயக்கும் மென்பொருளைப் பயன்படுத்துகிறேன், ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினியில் ஓடுகிறது. 2 டிகிரிக்குக் கீழே போய்த் தொடர்ந்து 10 நிமிடம் அங்கேயே இருந்தால்தான் அலாரம் அடிக்கும். அந்த 10 நிமிடம் அவசியம். இல்லையென்றால் 1.9, 2.1, 1.9 என்று எண் ஊசலாடும் ஒவ்வொரு தடவையும் போன் கத்தும்.

சைலண்ட் போன் பற்றி: சாதாரண நோட்டிஃபிகேஷன் சைலண்டில் அடிக்காது. ஹோம் அசிஸ்டன்டின் போன் ஆப்பில் இதற்கு வழி வைத்திருக்கிறார்கள். ஐபோனில் அவசர எச்சரிக்கை என்ற வகையிலும், ஆண்ட்ராய்டில் அலாரம் ஒலி வழியாகவும் அனுப்பலாம், போன் சைலண்டில் இருந்தாலும் சத்தம் வரும். ஆனால் கைக்குழந்தை இருக்கும் அறையில் நானாக இருந்தால் சத்தத்துக்குப் போக மாட்டேன். கையில் கட்டும் ஸ்மார்ட் வாட்ச் இருந்தால் அதை அதிரவிடுங்கள், நீங்கள் மட்டும் எழுவீர்கள்.

இன்னொன்றையும் கண்டிப்பாகச் சேர்த்துவிடுங்கள். சென்சாரிடமிருந்து 30 நிமிடமாக எண்ணே வரவில்லை என்றாலும் அலாரம் அடிக்க வேண்டும். பேட்டரி குளிரில் சீக்கிரம் தளர்ந்துவிடும், சாதாரண ஆல்கலைன் பேட்டரி ரொம்பவே தளரும். ரொம்பக் குளிரான ராத்திரியில்தான் அது நின்றுபோக வாய்ப்பு அதிகம். எண் வராத ராத்திரியும் குளிராத ராத்திரியும் போனில் ஒரே மாதிரி அமைதியாகத்தான் இருக்கும். முடிந்தால் லித்தியம் பேட்டரி போடுங்கள், அல்லது வீட்டிலிருந்து ஒயர் இழுத்து மின்சாரம் கொடுத்துவிடுங்கள்.

சென்சாரின் மேல் வெள்ளை நிறத்தில் தட்டுத்தட்டாக ஒரு மூடி போடுங்கள், அப்போதுதான் அளவு சரியாக வரும்.

நாற்றங்கால்
இரவு 10.05

எல்லாம் அருமை, கடைசி வரியில் மட்டும் எனக்கு மாற்றுக் கருத்து. அந்த மூடி காற்றின் வெப்பநிலையைச் சரியாக அளப்பதற்கு. பகலில் வெயில் நேராகப் பட்டால் சென்சார் பொய் சொல்லும், அதற்காகத்தான் மூடி. தம்பிக்கு வேண்டியது காற்றின் வெப்பநிலை இல்லை, வானம் பார்த்த இலையின் வெப்பநிலை. மூடி போடாமல் இலை உயரத்தில் விட்டால் சென்சாரும் இலையைப் போலவே வானத்துக்கு வெப்பத்தை இழக்கும், இலைக்கு நெருக்கமாகக் காட்டும். உறைபனி எச்சரிக்கைக்கு அதுதான் வேண்டும். பகலில் அது காட்டுவதை யாரும் பார்க்கப் போவதில்லை.

மின்னணுத்தோழன்
இரவு 10.20

நியாயம்தான் அக்கா. ராத்திரி அலாரத்துக்கு மட்டும் என்றால் திறந்தே விடலாம். என்னிடம் இரண்டும் இருக்கின்றன, மூடி போட்டது ஒன்று, போடாதது ஒன்று. தெளிவான ராத்திரிகளில் போடாதது எப்போதும் கீழேதான் காட்டுகிறது. மேகம் வந்தால் இரண்டும் ஒன்றாகிவிடும். நடு ராத்திரி மேகம் வந்ததை அந்த இரண்டு கோடுகள் நெருங்குவதை வைத்தே சொல்லிவிடலாம்.

கொடிப்பந்தல்
இரவு 10.40

அக்கா, அண்ணா, இவ்வளவு விவரமாக எழுதியதற்கு மிக்க நன்றி. பந்தல் கூரையாக இருந்ததால்தான் கத்தரி பிழைத்தது என்பது இப்போதுதான் புரிகிறது. நான் கத்தரிக்குக் குளிர் தாங்கும் சக்தி அதிகம் போல என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு கேள்விகள். மாலை எச்சரிக்கை வந்ததும் எதைக் கொண்டு, எப்படி மூட வேண்டும்? கையில் பிளாஸ்டிக் ஷீட் நிறைய இருக்கிறது. இரண்டாவது, சென்சாரை எங்கே வைப்பது? தோட்டம் வீட்டிலிருந்து கொஞ்சம் சரிந்து இறங்குகிறது, கீழ்க்கோடியில் மதில் இருக்கிறது.

செம்மண்
இரவு 10.50

மூடவே வேண்டாம், செடிகள் மேல் தண்ணீர் தெளித்துவிடுங்கள். பெரிய பழத்தோட்டங்களில் அப்படித்தான் செய்கிறார்கள். தண்ணீர் இலையைச் சுற்றி உறைந்து கவசம் மாதிரி காக்கும்.

நாற்றங்கால்
இரவு 11.20

செம்மண், பழத்தோட்டங்களில் செய்வது உண்மை, ஆனால் வீட்டுத் தோட்டத்தில் ஒரு தடவை தெளித்துவிட்டு வருவது செடிக்குக் கெடுதல். அங்கே காப்பாற்றுவது பனிக்கட்டி இல்லை, தண்ணீர் உறையும்போது வெளிவரும் வெப்பம். ஒரு கிராம் தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 80 கலோரி வெளிவரும். அதனால்தான் அவர்கள் விடாமல் தெளித்துக்கொண்டே இருக்கிறார்கள். மேலே புதிதாகத் தண்ணீர் உறைந்துகொண்டே இருக்கும் வரை உள்ளே மொட்டு 0 டிகிரியை ஒட்டியே நிற்கும். வெயில் ஏறிப் பனிக்கட்டி உருகத் தொடங்கும் வரை அதை நிறுத்தவே மாட்டார்கள். நடுவில் நிறுத்தினால் இலை மேல் இருக்கும் ஈரம் ஆவியாகும். ஒரு கிராம் ஆவியாக 600 கலோரி அளவுக்கு வெப்பம் வேண்டும், அதை இலையிலிருந்துதான் உறிஞ்சும். உறையும்போது கிடைத்ததைப் போல 7 மடங்குக்கும் மேல் இழப்பு. வறண்ட காற்றில் ஈர இலையோடு நிற்கும் செடி, உலர்ந்த இலையோடு நிற்பதைவிடச் சீக்கிரம் உறைந்துபோகும். ராத்திரி முழுக்கத் தெளிக்க ஏற்பாடு இல்லாதவர்கள் இதைத் தொடவே கூடாது.

தண்ணீரை மண்ணுக்கு விடுங்கள். எச்சரிக்கை வரும் நாளில், மதியத்துக்குள், இலை நனையாமல் வேருக்கு விட வேண்டும். ஈர மண் பகலில் அதிக வெப்பத்தை வாங்கி வைத்துக்கொள்ளும், அடியிலிருக்கும் வெப்பத்தை மேலே கொண்டுவந்தும் சேர்க்கும். வறண்டு, பொலபொலவென்று கிளறிவிட்ட மண் இரண்டையும் சரியாகச் செய்யாது. மண்ணை மூடி வைக்கோல், சருகு என்று மூடாக்குப் போட்டிருந்தால், பிஞ்சுச் செடிகளின் அடியில் மட்டும் அன்றைக்குக் காலையிலேயே கொஞ்சம் விலக்கிவிடுங்கள். மூடாக்கு வேருக்கு நல்லதுதான், ஆனால் பகலில் மண்ணுக்குள் வெயில் போவதையும் ராத்திரி மண்ணின் வெப்பம் இலைக்கு வருவதையும் தடுத்துவிடும். இதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை. விலக்கிய இடத்திலும் விலக்காத இடத்திலும் ஒரே உயரத்தில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

மூடுவதற்குத் துணிதான் நல்லது. பழைய போர்வை, பருத்திப் படுக்கை விரிப்பு, உறைபனிக்கென்றே விற்கும் மெல்லிய வெள்ளைத் துணி, எது கிடைத்தாலும் சரி. பிளாஸ்டிக்கை இலை தொடும்படி போடாதீர்கள், தொடும் இடத்தில் இலை உறைந்துவிடும். நாலு குச்சி நட்டு, முதலில் துணி, அதற்கு மேல் பிளாஸ்டிக் என்று போடலாம். எதைப் போட்டாலும் தரை வரை இறங்க வேண்டும், ஓரத்தில் கல் வைத்து இடைவெளி இல்லாமல் அடைக்க வேண்டும். துணியைச் செடியின் தலையில் போட்டுத் தண்டோடு சேர்த்துக் கயிற்றால் கட்டுகிறார்கள், அது வேண்டாம். மண்ணிலிருந்து வரும் வெப்பம் கட்டுக்கு வெளியே போய்விடும், உள்ளே ஒன்றும் ஏறாது.

காலையில் வெயில் பட்டுத் துணிக்கு வெளியே 4, 5 டிகிரி ஆனதும் எடுத்துவிடுங்கள். பிளாஸ்டிக் போட்டிருந்தால் இன்னும் கவனம், வெயில் ஏறினால் உள்ளே வெந்துவிடும்.

இடம் பற்றிக் கேட்டீர்கள். குளிர்ந்த காற்று கனமானது, சரிவில் இறங்கிப் போய்த் தடுப்பு இருக்கும் இடத்தில் தேங்கும். உங்கள் தோட்டத்தில் அது அந்த மதிலுக்கு உள்பக்கம், சரிவு முடியும் இடம். நடமாட்டத்துக்கு வசதியாக வீட்டை ஒட்டிச் சென்சார் வைத்தால் சுவரின் வெப்பத்தில் ஒன்றிரண்டு டிகிரி கூடுதலாகக் காட்டும், கீழ்க்கோடி உறைந்துகொண்டிருக்கும்போது அலாரம் அடிக்காது. குறைந்த எண் எங்கே வருமோ அங்கே வையுங்கள். மதிலின் அடியில் தண்ணீர் போக விட்டிருக்கும் துவாரங்கள் இலைதழையால் அடைத்திருந்தால் எடுத்துவிடுங்கள், கொஞ்சம் குளிர்காற்றும் அது வழியாக வெளியேறும். எலுமிச்சைத் தொட்டியை நகர்த்த முடியுமென்றால் வீட்டுச் சுவரோரம், மேலே சன்ஷேட் இருக்கும் இடத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள். தொட்டியில் வேருக்கு நாலு பக்கமும் குளிர் படும், தரையில் நிற்கும் மரத்தைவிட அதற்கு ஆபத்து அதிகம்.

கறுத்துப்போன மிளகாய் உச்சிகளை இப்போது வெட்டாதீர்கள். குளிர் முடியட்டும். பட்ட இலைகளும் கீழே இருப்பவற்றுக்குக் கொஞ்சம் கூரையாக இருக்கும், எது வரை பட்டிருக்கிறது என்பதும் துளிர் விட்ட பிறகுதான் தெரியும். தண்டில் நகத்தால் லேசாகக் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சை இருந்தால் அந்த இடம் வரை உயிர் இருக்கிறது.

செம்மண்
இரவு 11.35

ஆவியாவதில் இவ்வளவு வெப்பம் போகும் என்பதை நான் யோசிக்கவில்லை. மண்ணுக்கு விடுவதுதான் சரி, ஏற்கிறேன். மூடிய துணிக்குள் ஒரு பல்பு எரியவிட்டால் உதவுமா?

மின்னணுத்தோழன்
இரவு 11.50

பழைய இழை பல்பு என்றால் உதவும், அதற்குக் கொடுக்கும் மின்சாரத்தில் பெரும்பகுதி வெப்பமாகத்தான் போகிறது. எல்.இ.டி. பல்பால் சொல்லும்படியாகப் பயன் இல்லை. ஆனால் ஈரத் தோட்டத்தில் மின்சாரம் என்பதால் வெளியே பயன்படுத்தவென்றே செய்த ஒயரும் ஹோல்டரும் வேண்டும், கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச் வழியாகத்தான் போக வேண்டும், பல்பு துணியைத் தொடவே கூடாது. இந்த மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் செய்யாதீர்கள்.

கொடிப்பந்தல்
மறுநாள், மாலை 6.30

இப்போதைக்கு இப்படி அமைத்திருக்கிறேன். போனில் மாலை 4 மணிக்கு முன்னறிவிப்பைப் பார்த்து 4 டிகிரிக்குக் கீழே என்றால் நினைவூட்டும்படி வைத்துவிட்டேன். மேகத்தையும் பனிநிலையையும் நானே பார்த்துக்கொள்கிறேன். கீழ்க்கோடியில், மிளகாய் உயரத்தில், மூடி இல்லாமல் தெர்மாமீட்டர் வைத்தாயிற்று. நேற்று ராத்திரி வானம் தெளிவாக இருந்தது, காற்றும் இல்லை. ஆப் 6.5 சொன்னது, தெர்மாமீட்டரில் குறைந்தபட்சம் 3.8. நோட்டில் அதுதான் முதல் வரி. மின்னணுத்தோழன் அண்ணா சொன்ன சென்சாருக்கு ஆர்டர் போட்டிருக்கிறேன், வந்ததும் வாட்ச் அதிரும்படி வைத்துக்கொள்கிறேன்.

எலுமிச்சையைச் சுவரோரம் நகர்த்திவிட்டேன். ஒரே ஒரு சந்தேகம் பாக்கி. எல்லாச் செடிக்கும் ஒரே எண் போதுமா, தனித்தனியாக வைக்க வேண்டுமா? பட்டாணியும் முட்டைக்கோஸும் நடலாம் என்று இருக்கிறேன், திருநீற்றுப்பச்சிலை ஒரு தொட்டியில் இருக்கிறது.

நாற்றங்கால்
மாலை 7.15

நல்ல தொடக்கம். 2.7 டிகிரி விலகல், நான் எதிர்பார்த்த அளவில்தான் இருக்கிறது. இன்னும் சில தெளிவான ராத்திரிகள் எழுதிய பிறகு 4 என்பதை ஏற்றுவதா இறக்குவதா என்று முடிவு செய்யுங்கள்.

எண்ணைப் பற்றி: தக்காளி, மிளகாய், கத்தரி, அவரை எல்லாமே இலை 0-வை ஒட்டி வந்தாலே அடிபடும், அவற்றுக்கு ஒரே எண் போதும். எலுமிச்சையின் முற்றிய இலை 0-வுக்குக் கொஞ்சம் கீழே வரை தாங்கும், ஆனால் மொட்டும் இளந்துளிரும் தாங்காது. இப்போது மொட்டு இருப்பதால் அதையும் மிளகாயோடு சேர்த்தே நடத்துங்கள். பட்டாணிச் செடியும் முட்டைக்கோஸும் லேசான உறைபனியைத் தாங்கும், அவற்றுக்காக நீங்கள் எழ வேண்டாம். பட்டாணி பூத்த பிறகு மட்டும் மூடிவிடுங்கள், பூ தாங்காது.

திருநீற்றுப்பச்சிலைக்கு உறைபனி வரை போக வேண்டியதே இல்லை, 10 டிகிரிக்குக் கீழே நாள்கணக்கில் நின்றாலே இலை கறுக்க ஆரம்பிக்கும். அதற்கு அலாரம் வைத்துக் கட்டுப்படியாகாது, தொட்டிதானே, குளிர் முடியும் வரை வீட்டுக்குள் வெளிச்சமான ஜன்னலோரம் வைத்துவிடுங்கள்.